ஸ்ட்ரைக்: பாய்மரத்திலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கு

சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி அக்டோபர் 15 அன்று முடிந்த போராட்டத்துக்கு, அந்த 37 நாளும் ஒரே பெயர் இருக்கவில்லை. தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘வேலைநிறுத்தம்’ என்று எழுதின. ஆலைக்காரர்கள் வீட்டில் பேசும்போது அது ‘ஸ்ட்ரைக்’. பக்கத்து ஆலைகளில் வேலை பார்க்கும் பிகார், ஒடிசா இளைஞர்களுக்கு அது ‘ஹட்தால்’. சியோலில் இருந்தவர்களுக்கு ‘பாஅப்’. நான்கும் ஒரே செயலைக் குறிப்பவை. ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு காட்சிகளிலிருந்து பிறந்தவை. அவற்றில் உலகம் முழுக்கப் பரவியதும் மிக மோசமாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் ஸ்ட்ரைக்தான்.

ஸ்ட்ரைக் என்றால் அடி, தாக்கு என்றுதான் பள்ளியில் படித்தோம். 2016க்குப் பிறகு ‘சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்’ தமிழ்த் தொலைக்காட்சிகளில் அன்றாடச் சொல்லாகி, அந்தப் பொருளை இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டது. தொழிலாளர் ஸ்ட்ரைக் செய்கிறார்கள் என்றால் முதலாளியைத் தாக்குகிறார்கள் என்று காதில் விழுவது இதனால்தான். சொல்லின் வம்சாவளியைப் பார்த்தால் இது தவறான பாட்டனைப் பிடித்துக்கொள்வது. வேலையை நிறுத்தும் ஸ்ட்ரைக், அடிக்கும் ஸ்ட்ரைக்கின் பிள்ளை அல்ல. இரண்டும் பங்காளிகள், பொதுப் பாட்டனின் தொழில் அடிப்பதல்ல, தடவுவது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரீகன்’ என்றொரு வினை இருந்தது. மேற்பரப்பின் மீது லேசாகக் கடந்து போவது, தடவுவது, துடைப்பது, வழிப்பது, நடந்து செல்வது ஆகியவைதான் அதன் பொருள்கள். யாரையும் அடிப்பது அதில் இல்லை. இன்றைய ஆங்கிலத்தில் தடவிக்கொடுப்பதைக் குறிக்கும் ஸ்ட்ரோக், கீற்றைக் குறிக்கும் ஸ்ட்ரீக் இரண்டும் அதே குடும்பம். ஜெர்மன் மொழியில் ‘ஷ்ட்ரைஷன்’ என்ற உடன்பிறப்பு இன்றும் உயிரோடிருக்கிறது. சுவருக்கு வண்ணம் பூசுவதற்கும், எழுதியதை அடித்துவிடுவதற்கும், ரொட்டியில் வெண்ணெய் தடவுவதற்கும் ஜெர்மானியர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். டச்சுக்காரர்களுக்கு அதன் இணைச்சொல் துணிக்கு இஸ்திரி போடுவது.

அடிப்பது என்ற பொருள் 1300 வாக்கில்தான் தலைதூக்குகிறது. அதற்குமுன் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த சொல் இன்றைய ‘ஸ்லே’யின் முன்னோடி. அது மெல்லக் கொல்வது என்ற பொருளுக்குள் சுருங்கிப்போனது. காலியான இடத்துக்கு ஸ்ட்ரைக் வந்தது. இது தனி விபத்தும் அல்ல. ஆங்கிலத்தில் ஓங்கி அறைவதைக் குறிக்கும் பழஞ்சொல்லான ‘ஸ்மைட்’டும் முதலில் பூசுவது, அப்புவது என்றே பொருள்பட்டது.

தமிழ்க் காதுக்கு இந்த மாற்றம் விநோதமாக இருக்கக் கூடாது. சாமிக்குச் சந்தனம் சாத்துகிறோம். கோபம் வந்தால் முதுகில் நாலு சாத்தும் சாத்துகிறோம். ‘நல்ல பூசை விழுந்தது’ என்றால் கோயிலைச் சொல்கிறோமா முதுகைச் சொல்கிறோமா என்பது இடத்தைப் பொறுத்தது. எதிர்த்திசையிலும் போயிருக்கிறோம். ‘அடி’ என்ற நம் வினை சுவருக்கு வெள்ளையடிக்கிறது, பெயிண்ட் அடிக்கிறது, நோட்டில் கோடு அடிக்கிறது, எழுதியதை அடித்துத் திருத்துகிறது, மணி அடிக்கிறது, காசு அடிக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்ட்ரைக்கோ அதன் ஜெர்மன் உறவோ நேராகப் பொருந்தும். கை ஒரு பரப்பின் மீது ஓடும்போது, வேகம் கூடினால் அடி, குறைந்தால் தடவல். மொழிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் தாராளமாகப் போய்வந்துகொண்டிருக்கின்றன.

பழைய பொருள் அகராதியின் அடியில் புதைந்து கிடப்பதாக நினைக்க வேண்டாம். சுங்குவார்சத்திரம் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் அது தினமும் வேலைக்கு வருகிறது. ஒரகடத்தில் கோமட்சு ஆலை பெரிய டம்பர் லாரிகள் செய்கிறது. உலகெங்கும் இத்தகைய லாரிகளின் விவரக் குறிப்பில் கொள்ளளவு இரண்டு விதமாகத் தரப்படும்: குவித்து ஏற்றினால் எவ்வளவு, விளிம்போடு சமமாக வழித்துவிட்டால் எவ்வளவு. இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரக்’ கொள்ளளவு என்று பெயர். நெல் அளக்கும்போது படியின் தலையை வழித்துவிடுகிற அதே செயல். இங்கிலாந்தின் தானியச் சந்தைகளில் அப்படி வழிப்பதற்கென்று வைத்திருந்த கோலுக்கும் ஸ்ட்ரைக் என்றே பெயர். டம்பர் லாரியின் விவரத்தாளில் இருப்பது மன்னராட்சிக் காலத்து மரக்கால் கணக்கு.

வெல்டிங் படிக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவது ஆர்க் ஏற்படுத்துவது. அதற்கு ஆங்கிலப் பாடநூல் சொல்லும் வினை ஸ்ட்ரைக். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தீக்குச்சி கிழிப்பதுபோல எலெக்ட்ரோடை உலோகத்தின் மீது உரசுவது. மற்றது, நேராகக் கொண்டுபோய்த் தட்டி எடுப்பது. எழுநூறு ஆண்டுகளாக இந்த வினைக்குள் ஒன்றாகக் குடியிருக்கும் இரண்டு பொருள்களும், உரசலும் தட்டலும், ஒரே பாடத்தின் இரண்டு பிரிவுகளாக உட்கார்ந்திருக்கின்றன. கார் ஆலைகளின் பாடி ஷாப்பில் இப்போது வெல்டிங்கைப் பெரும்பாலும் ரோபோ செய்கிறது. பிரஸ் ஷாப்பில் மட்டும் இன்னும் ‘ஸ்ட்ரோக்’ கணக்குத்தான். நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்பதுதான் அங்கே வேகத்தின் அளவு.

நமக்கு வேண்டிய பொருள் கட்டட வேலையில் இருக்கிறது. கான்கிரீட் இறுகிய பிறகு பலகையையும் முட்டுகளையும் எடுப்பதை நம் ஊரில் ‘சென்ட்ரிங் பிரிக்கிறது’ என்பார்கள். பிரிட்டிஷ் பொறியாளர்கள் அதற்கும் ஸ்ட்ரைக் என்பார்கள். கூடாரத்தைப் பிரித்தாலும் ஸ்ட்ரைக், நாடகம் முடிந்து அரங்கப் பொருள்களைக் கழற்றினாலும் ஸ்ட்ரைக், கொடியை இறக்கினாலும் ஸ்ட்ரைக். உயரத்தில் நிறுத்தியதைக் கீழே இறக்குவது, கட்டியதைப் பிரிப்பது என்ற இந்தக் கிளை கடலில் வளர்ந்தது. கயிறு வழியாகச் சறுக்கிக் கீழே வரும் பாய்க்கு, வழுக்கிக் கடந்துபோவதைக் குறித்த பழைய வினை பொருத்தமாகவே இருந்திருக்கும். (தமிழில் நேர்மாறு: டெண்ட் அடிப்பது என்றால் போடுவது. எடுப்பதற்கு நாம் ‘அடி’யைச் சொல்வதில்லை.)

இனி 1768. அந்த ஆண்டு இங்கிலாந்தில் உணவு விலை ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை. வடகிழக்குக் கரையில் சண்டர்லாந்து துறைமுகம் நிலக்கரிக் கப்பல்களால் வாழ்ந்த ஊர். அங்கே மாலுமிகள் ஊர் நடுவில் கூடித் தங்கள் குறைகளை எழுதி வாசித்தார்கள். பிறகு துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஒவ்வொன்றாக ஏறி, பாயைத் தாங்கும் குறுக்குமரங்களை இறக்கிவிட்டார்கள். கப்பல் புறப்பட முடியாது. இதை அந்த ஆண்டின் ‘ஆனுவல் ரெஜிஸ்டர்’ என்ற தொகுப்பு நூல் பதிவு செய்தபோது இறக்கினார்கள் என்பதற்குப் பயன்படுத்திய வினை ஸ்ட்ரைக். அதே தொகுப்பில், அதே ஆண்டு, லண்டனில் தொப்பி செய்பவர்கள் கூலி உயரும்வரை வேலை செய்ய மறுத்த செய்திக்கும் அதே வினை வருகிறது. தொப்பிக்காரர்களிடம் இறக்குவதற்குப் பாய் எதுவும் இல்லை. சில வாரங்களில் கப்பல்துறைச் சொல் தரைக்கு வந்து, பாயை விட்டுவிட்டு, செயலின் உட்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஆக, ஸ்ட்ரைக் செய்த முதல் ஆட்கள் கப்பலை உடைக்கவில்லை, கொளுத்தவில்லை, தலைவனை அடிக்கவில்லை. கப்பலை ஓட வைப்பது எதுவோ அதை இறக்கிவைத்தார்கள். பாய் மறுபடி ஏறக்கூடியது. மரத்தில் ஒரு கீறலும் இல்லை. அந்த ஆண்டு லண்டன் தெருக்களில் வன்முறையும் துப்பாக்கிச் சூடும் நடந்தன என்பது உண்மை. ஆனால் மொழி தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டது அவற்றை அல்ல.

இதற்கு இன்னொரு சான்று நம் கையிலேயே இருக்கிறது. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் ஊழியர்கள் ‘ஸ்ட்ரக் ஒர்க்’ என்று எழுதும். லண்டன் பத்திரிகைக்காரருக்கு இது பழங்காலத்து ஆங்கிலமாகத் தோன்றும்; அங்கே ‘ஒர்க்’ உதிர்ந்து வினை தனியாக நிற்கிறது. பழைய அமைப்புதான் பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது. பாயை இறக்கினார்கள் என்பதில் பாய் எப்படிச் செயப்படுபொருளோ, அப்படியே இங்கே வேலை செயப்படுபொருள். இறக்கிவைக்கப்படுவது வேலை, அடிபடுவது யாரும் இல்லை. தமிழின் ‘வேலைநிறுத்தம்’ அதே இலக்கணத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தின் தாய்நாட்டில் உதிர்ந்துபோன செயப்படுபொருளை சென்னைப் பத்திரிகை ஆங்கிலமும் தமிழும் காப்பாற்றி வைத்திருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

இந்தத் தொழில் வட்டாரத்துக்கு மொழி ஆய்வாளர் ஒருவர் வந்தால் வேறு நாடு எதற்கும் போக வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்: கொரியா. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான்: தைவான். ஒரகடத்தில் டைம்லர்: ஜெர்மனி. அதே ஒரகடத்தில் 2010இல் ரெனோவும் நிசானும் சேர்ந்து திறந்த ஆலை: தொடக்கத்தில் பிரான்ஸும் ஜப்பானும், 2025 முதல் பிரான்ஸ் மட்டும். 2000இலேயே வந்த செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை: மறுபடி பிரான்ஸ். முதலாளிகள் ஒவ்வொருவரின் தாய்மொழியிலும் இந்தச் செயலுக்கு ஒரு சொல் உண்டு.

பிரெஞ்சில் ‘கிரேவ்’. சரளைக்கரை, மணற்கரை என்று பொருள். பாரிஸில் சேன் ஆற்றங்கரையில் இருந்த திடலுக்கு அதுவே பெயர். வேலை தேடுகிறவர்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். கரையில் நிற்பது என்றால் வேலையில்லாமல் இருப்பது என்றாகி, பிறகு வேலை செய்ய மறுத்து நிற்பது என்றானது. ஜப்பானியர்கள் ஆங்கிலச் சொல்லையே இரண்டுமுறை வாங்கினார்கள்: பேஸ்பால் ஆட்டத்துக்கு ‘சுதோரைகு’, தொழிலாளர் போராட்டத்துக்கு ‘சுதோரைகி’. கடைசி உயிரெழுத்தில் விளையாட்டையும் சம்பளத்தையும் பிரித்துவிட்டார்கள். பேச்சில் அது வெறும் ‘சுதோ’. கொரியரின் ‘பாஅப்’பும் தைவானியரின் ‘பாகுங்’கும் ஒரே சீன எழுத்தில் தொடங்குபவை: விட்டுவிடு என்ற எழுத்து, பின்னால் தொழில் அல்லது வேலை. ஜெர்மானியர்களின் கதைதான் சுவையானது. அவர்களுடைய ‘ஷ்ட்ரைஷன்’ பாயை இறக்குவதையும் குறிக்கும். பாயை இறக்கினான் என்றால் அங்கே தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். வீட்டிலேயே உடன்பிறப்பு இருந்தும், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடமிருந்து ‘ஷ்ட்ரைக்’கை இரவல் வாங்கினார்கள்.

தொழிலாளர் பக்கம் வந்தால் ‘ஹட்தால்’. ஹாட் என்றால் கடை, தாலா என்றால் பூட்டு. கடைக்குப் பூட்டு என்பதுதான் வேர். சந்தையில் பிறந்த சொல். இந்தியில் அது ஆலை வேலைநிறுத்தத்தையும் குறிக்கும் அளவு விரிந்தது. தமிழுக்கு ‘ஹர்த்தால்’ என்று வந்தபோது கடையடைப்பாகவே நின்றுவிட்டது. இலங்கைத் தமிழில் இன்னும் அழுத்தமாக. ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரில் ஒருவர் ஹட்தால் என்றால் ஆலையையும், மற்றவர் மளிகைக் கடையையும் நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

நமக்கோ சொற்களுக்குப் பஞ்சமில்லை: வேலைநிறுத்தம், மறியல், உள்ளிருப்பு. தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நடத்திய போராட்டம், 1918 ஏப்ரல் 27இல் பி.பி.வாடியா, திரு.வி.க. முதலியோர் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது, 1921இல் பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் என்று நூறாண்டுக்கு மேல் இந்தச் சொற்கள் புழங்கித் தேய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் வேறு செயல். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் விடுதிச் சாப்பாட்டில் நஞ்சேறி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போன பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது மறியல். 2018 செப்டம்பரில் இரண்டு தொழிலாளர் நீக்கத்தை ஒட்டி ஒரகடம் யமஹாவில் தொடங்கி ஐம்பது நாளைத் தாண்டியது வேலைநிறுத்தம். 2025 பிப்ரவரியில் சாம்சங்கில் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதும் ஆலைக்குள்ளேயே அமர்ந்தது உள்ளிருப்பு. ஆங்கிலச் செய்தியில் இவை மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சாம்சங் விவகாரமே பாதி ஒரு சொல்லைப் பற்றியதுதான். கூலியும் வேலைநேரமும் கோரிக்கையில் இருந்தன. முடிச்சு விழுந்த இடம் சங்கப் பதிவு. ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ என்ற பெயரில் நிறுவனத்தின் வணிகப் பெயர் இருப்பதை நிர்வாகம் எதிர்த்தது. பதிவு மாதக்கணக்கில் இழுத்தது. உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு 2025 ஜனவரி 27இல் அதே பெயரில் சங்கம் பதிவானது. அதற்கிடையில் 2024 அக்டோபர் இரண்டாம் வாரத்தில், தொழிலாளர் உட்கார்ந்திருந்த பந்தல் பிரிக்கப்பட்டது. சங்கத்துக்காரர்கள் சிலர் இரவில் கைதானார்கள். கூடாரத்தைப் பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன வினை என்பதை மேலே பார்த்தோம். அன்று அந்தப் பந்தலடியில் இரு தரப்பும் ஒரே வினையைத்தான் செய்துகொண்டிருந்தன.

இதைவிடக் கசப்பான இரட்டை, வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. துடைப்பது என்ற ஆதிப்பொருளிலிருந்து, பட்டியலில் பெயரை அடித்துவிடுவது என்ற கிளையும் இந்த வினைக்கு உண்டு: ‘ஸ்ட்ரைக் ஆஃப்’. வேலையை இறக்கிவைப்பவனும் அவன் பெயரை அடித்துவிடுபவரும் இலக்கணப்படி ஒரே வினைக்கு எழுவாய்கள். இந்தியத் தொழிற்சட்டம் இந்த இரண்டாவது ஸ்ட்ரைக்கோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறது. வேலைக்கு வரவில்லை என்று பெயரை அடித்தால் அது தானாக நடந்த விலகலா, ஆட்குறைப்பா? ஆட்குறைப்புதான், அதற்குரிய நடைமுறையும் இழப்பீடும் வேண்டும் என்று தெற்கு ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு ஸ்ட்ரைக்கும் மோதிய மிகப்பெரிய சம்பவம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் நீக்கியது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள், தீர்ப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

நீதிமன்றத்துக்கு வரும் சொல்லுக்கு அகராதிப் பொருள் போதாது, சட்டப் பொருள் வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் கொடுத்த விளக்கத்தை மாலுமிகளே படித்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்: ஒரு தொழிலில் உள்ளவர்கள் கூடி, ஒத்துப்பேசி வேலையை நிறுத்துவது. முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. இப்போது எந்த ஆலையானாலும் முன்னறிவிப்பு வேண்டும்; கொடுத்த பிறகும் பதினான்கு நாள் பொறுக்க வேண்டும். சொல்லுக்கும் புதிய பொருள் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒரே நாளில் ஐம்பது விழுக்காடோ அதற்கு மேலோ தொழிலாளர் கூடிப்பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தால், அதுவும் ஸ்ட்ரைக்.

இதற்குக் கொரியாவிலேயே அண்மை உதாரணம் இருக்கிறது. சாம்சங் எலெக்ட்ரானிக்ஸின் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தம் என்று 2024 ஜூன் 7ஆம் தேதிக்கு அங்குள்ள சங்கம் அறிவித்தது, உறுப்பினர்களை ஒரே நாளில் விடுப்பு எடுக்கச் சொல்லித்தான். சுங்குவார்சத்திரத்தில் தொழிலாளர் உட்கார்ந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. அங்கே சங்கம் தானே முன்வந்து விடுப்புக்குப் பாஅப் என்று பெயர் வைத்தது; இங்கே அந்தப் பெயரைச் சட்டம் வைக்கிறது, முன்னறிவிப்பு இல்லாவிட்டால் தண்டனையோடு.

ஐம்பது விழுக்காடு என்றால் எதில் ஐம்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இந்த வட்டாரத்து ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, டிரெய்னி, அப்ரண்டிஸ் எல்லோரும் ஒரே லைனில்தான் நிற்கிறார்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் வருபவர் புதிய தொகுப்பின்படி தொழிலாளியே அல்ல. ஒப்பந்தக்காரரின் ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது வாதத்துக்குரியது. ஒரே ஷிஃப்டில் ஒரே எண்ணிக்கை ஆட்கள் வராமல் போனாலும், பதிவேட்டில் யார் பெயர் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஓர் ஆலையில் அது ஸ்ட்ரைக் ஆகும், பக்கத்து ஆலையில் வெறும் லீவு ஆகும்.